நுரையீரலுக்கு ஒரு டயாலிசிஸ்: கரியமில வாயுவை அகற்றும் கருவிகளும் அவற்றின் சந்தையும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "நிலத்தை வித்தாவது பாத்துருவோம் சார். ரத்தத்துல இருந்து கெட்ட காத்தை எடுக்கிற மிஷின் எந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க." உறவினர் ஒருவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருப்பார், அல்லது கைபேசியில் ஒரு காணொளி வந்திருக்கும். கேட்பவரின் அன்பில் ஐயமில்லை. ஆயினும், மானாவாரி நிலத்தையும் மனைவியின் நகையையும் நம்பி வாழும் ஒரு குடும்பம், அவற்றை இழக்குமுன் அக்கருவியைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்திருத்தல் வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

நுரையீரலின் இரண்டு வேலைகள்

அடுப்பு எரியக் காற்று வேண்டும். எரிந்தபின் புகை வெளியேற வழியும் வேண்டும். நுரையீரலும் இவ்விரண்டு பணிகளைச் செய்கிறது. ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்ப்பது ஒன்று. உடல் உண்டாக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவது மற்றொன்று. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. உறங்கும்போதும் இப்பணி நிற்பதில்லை.

நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயில், அதாவது மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று குறிப்பிடும் நோயில், உள்ளே சென்ற காற்று வெளியே வர இயலாமல் தேங்குகிறது. நம் கரிசல் வட்டாரத்தில் இந்நோய்க்குக் காரணங்கள் பல. பீடியும் சிகரெட்டும் முதலிடம் பெறுகின்றன. புகை பிடித்தே அறியாத பெண்கள், சீமைக் கருவேல விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த ஆண்டுகளின் பயனாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். கரிமூட்டத்தில் வேலை செய்தோரும், பஞ்சுத் தூசியில் உழைத்தோரும், முன்பு காசநோய் கண்டு குணமடைந்தபின் நுரையீரலில் வடு தங்கியோரும் எங்களிடம் வருகின்றனர். ஊர் வழக்கில் இதனை "இளைப்பு" என்று சொல்லிவிட்டு நெடுநாள் பொறுத்துக்கொள்கிறோம்.

நோய் முற்றியவர்களுள் சிலருக்குக் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கத் தொடங்குகிறது. அதன் அறிகுறிகளை வீட்டிலிருப்போரே முதலில் காண்பர்: காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம், ஆளை மாற்றிச் சொல்லுதல், கைகளை நீட்டி விரிக்கச் சொன்னால் மணிக்கட்டு சிறகடிப்பதுபோல் துடித்தல். "தாத்தா நல்லாத் தூங்குறாரு" என்று விட்டுவிட்ட தூக்கமே மயக்கத்தின் தொடக்கமாக இருந்ததுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனின் அளவை மட்டுமே காட்டும். கரியமில வாயுவைக் காட்டாது. ஆக்சிஜன் குழாய் பொருத்தியிருப்பவருக்கு அக்கருவி 98 என்று காட்டும்போதே, கரியமில வாயு ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். அதனை உறுதியாக அறிய, மணிக்கட்டுத் தமனியிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துச் செய்யும் ஏ.பி.ஜி. பரிசோதனை வேண்டும்.

கருவி எவ்வாறு இயங்குகிறது

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் செய்வதை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். கரியமில வாயுவை அகற்றும் கருவியும் தோற்றத்தில் அதனை ஒத்ததே. கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரையில் இருவழிக் குழாய் ஒன்று பொருத்தப்படும். ஒரு வழியே இரத்தம் வெளியே வந்து, மயிரிழை போன்ற நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிய ஒரு குடுவையைக் கடந்து, மறு வழியே உடலுக்குத் திரும்பும். நுண்குழல்களின் உள்ளே ஆக்சிஜனோ காற்றோ ஓடிக்கொண்டிருக்கும். குழல்களின் சுவர் வழியே கரியமில வாயு இரத்தத்தை விட்டு நீங்கி அக்காற்றோடு வெளியேறும்.

எக்மோ என்னும் கருவியும் இம்முறையில் அமைந்ததே. வேறுபாடு இரத்த ஓட்டத்தின் அளவில் இருக்கிறது. ஒரு லிட்டர் இரத்தம் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் கரியமில வாயுவைச் சுமந்து வருகிறது. ஆகவே நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவு இரத்தத்தைக் கருவி வழியே செலுத்தினாலே, உடல் உண்டாக்கும் கரியமில வாயுவில் கணிசமான பகுதியை நீக்கிவிடலாம். ஆக்சிஜனின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் இரத்தம் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனையே ஏந்தும். அதிலும் பெரும்பகுதி சிரை இரத்தத்தில் முன்பே இருக்கும். எனவே ஆக்சிஜன் தேவையை நிறைவு செய்ய எக்மோ நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இரத்தத்தைச் சுழற்ற வேண்டியுள்ளது.

தமிழ் மக்களுக்கு எக்மோ என்னும் சொல் துயரச் செய்திகளின் வழியே அறிமுகமாயிற்று. 2016 டிசம்பர் 4 அன்று இதயம் நின்ற நிலையில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குச் சென்னை அப்போலோ மருத்துவமனையில் எக்மோ பொருத்தப்பட்டது. மறுநாள் அவர் காலமானார். 2020 ஆகஸ்டு 5 அன்று கொரோனா தொற்றுடன் சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்த பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம், வென்டிலேட்டர், எக்மோ ஆகியவற்றின் துணையோடு வாரக்கணக்கில் போராடி, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். எக்மோவால் உயிர் மீண்டோரும் உண்டு. இவ்விரு நிகழ்வுகளும் நமக்கு உணர்த்துவது, பணமும் புகழும் சிறந்த மருத்துவர்களும் உடனிருந்தாலும் இக்கருவிகள் உறுதி எதையும் தருவதில்லை என்பதே. அவை நேரத்தை ஈட்டித் தருகின்றன. அந்த நேரத்துக்குள் நுரையீரல் தானே தேற வேண்டும்; அல்லது மாற்று நுரையீரல் கிடைக்க வேண்டும்.

பிறப்பும் சந்தையும்

இக்கருவியின் அடிப்படை 1970களில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் உருவாயிற்று. தியோடர் கோலோபோவ், லூச்சியானோ கத்தினோனி ஆகிய ஆய்வாளர்கள் செம்மறிக் குட்டிகளின் இரத்தத்திலிருந்து கரியமில வாயுவை வெளியிலேயே அகற்றிக் காட்டினர். அகற்றும் அளவு கூடக்கூடக் குட்டிகள் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டன. முழுவதும் அகற்றியபோது மூச்சு விடும் முயற்சியையே நிறுத்தின. 1977இல் வெளியான இந்த ஆய்வு, நம்மை மூச்சு விடத் தூண்டுவதில் கரியமில வாயுவுக்குள்ள பங்கைத் தெளிவாக்கியது. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே பிறந்தது.

பின்னர் நிறுவனங்கள் வந்தன. செருமனியில் நோவாலங் என்னும் பெயரில் கருவிகள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தோன்றிய ஏலங் டெக்னாலஜிஸ் நிறுவனம் ஹீமோலங் என்னும் கருவியை உருவாக்கியது. கரியமில வாயுவை அகற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவிகளுள் முதலாவதாக 2021 நவம்பரில் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2022இல் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லிவாநோவா நிறுவனம் ஏலங்கை விலைக்கு வாங்கியது. 2024 சனவரியில் லிவாநோவா, அக்கருவி இடம்பெற்றிருந்த தனது வணிகப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் ஒரு கருவி சந்தையில் ஏறி இறங்கிய கதை இது.

சந்தையின் கதை ஒருபுறமிருக்க, நோயாளிக்கு நேர்ந்தது என்ன என்பதே நமக்கு முதன்மை. பிரித்தானியாவில் 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ரெஸ்ட் என்னும் ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஆக்சிஜன் குறைந்து வென்டிலேட்டரில் இருந்த 412 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 90 நாட்களுக்குள் இறந்தோர், கருவி பொருத்தப்பட்ட குழுவில் 41.5 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 39.5 சதவீதம். கருவி பொருத்தப்பட்டோரில் 9 பேருக்கு மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. பயன் தென்படும் வாய்ப்பில்லை என்று கண்டு ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினர்.

"அது வேறு நோய், எங்கள் அப்பாவுக்கு இளைப்பு நோய்தானே" என்று கேட்கலாம். முறையான கேள்வியே. சி.ஓ.பி.டி. முற்றிய 113 பேரிடம் அமெரிக்காவில் ஹீமோலங் கருவியைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. வென்டிலேட்டர் இன்றி இருந்த நாட்களில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முகக்கவசம் வழியே சுவாச உதவி பெற்று வந்தோரில், கருவி பொருத்தப்பட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தது.

இரத்தக் கசிவு ஏன் நேர்கிறது? உடலுக்கு வெளியே ஓடும் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து தொடர்ந்து செலுத்தப்படுகிறது. உறைதலைத் தடுக்கும் அம்மருந்தே மூளையிலோ குடலிலோ கசிவை உண்டாக்கலாம். மருந்தைக் குறைத்தால் குடுவைக்குள் இரத்தம் உறைந்து, புதிய குடுவை மாற்ற வேண்டிவரும்.

விலையும் சட்டமும்

இத்தகைய கருவிகளின் செலவு இயந்திரத்தோடு முடிவதில்லை. ஒருவருக்குப் பயன்படுத்திய குடுவையும் குழாய்களும் மற்றவருக்கு உதவா. ஆகவே இயந்திரத்தைவிட, ஒருமுறை மட்டுமே பயன்படும் இத்தொகுதியே தொடர்ந்து விற்பனையாகும் பொருள். அதனோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் அன்றாடக் கட்டணம், ஏ.பி.ஜி. முதலான பரிசோதனைகள், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுதல் ஆகியவையும் சேரும். உயர்நிலைக் கருவிகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே நம் நாட்டுக்கு வருவதால், இறக்குமதியாளர், விநியோகிப்பவர், மருத்துவமனை என ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது.

அரசு சில வரம்புகளை வகுத்துள்ளது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதிக்கப்பட்டு, மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2021இல் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், ஆக்சிமீட்டர், நெபுலைசர் ஆகியவற்றின் வணிக இலாபத்துக்கு 70 சதவீத வரம்பு வந்தது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் அடங்குகின்றன. அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது. 2023 அக்டோபர் முதல் உயர் அபாய வகுப்புக் கருவிகளுக்கு உரிமம் கட்டாயம்.

உரிமம் என்பதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வோம். கருவி தரமாகச் செய்யப்பட்டுள்ளது, சொன்ன வேலையைச் செய்கிறது என்பதற்கு அது சான்று. கரியமில வாயுவின் அளவு குறையும் என்பது உண்மை. அதனால் நோயாளி பிழைத்து வீடு திரும்புவார் என்பது வேறு செய்தி. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

மெய்ப்பிக்கப்பட்ட எளிய வழிகள்

கரியமில வாயுவைக் குறைத்து உயிர் காப்பதாக ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்ட வழிகள் உள்ளன. அவற்றைப் பெற நிலத்தை விற்க வேண்டியதில்லை.

முதலாவது, அளந்து கொடுக்கும் ஆக்சிஜன். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். மிகுதியாகக் கொடுத்தால் கரியமில வாயு ஏறும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் வந்த 405 பேரிடம் இதனைச் சோதித்தனர். மிகுதியாக ஆக்சிஜன் பெற்றோரில் 9 சதவீதத்தினரும், அளந்து பெற்றோரில் 4 சதவீதத்தினரும் இறந்தனர். 2010இல் வெளியான இந்த முடிவைச் செயற்படுத்தத் தேவைப்படுவது ஒரு குமிழைச் சரியான அளவில் திருப்புவது மட்டுமே. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர், "மூச்சு முட்டுது" என்று கேட்டவுடன் அளவைத் தாமாக உயர்த்த வேண்டாம்.

இரண்டாவது, பைபாப். முகக்கவசத்தின் வழியே மூச்சை உள்ளிழுக்கும்போது மிகுந்த அழுத்தமும் வெளிவிடும்போது குறைந்த அழுத்தமும் தந்து, தேங்கிய காற்றை வெளியேற்ற இது துணைபுரிகிறது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் 85 நோயாளிகளிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 74 சதவீதத்தினருக்குத் தொண்டையில் குழாய் செலுத்த நேர்ந்தது. முகக்கவச உதவி பெற்றோரில் அது 26 சதவீதமாகக் குறைந்தது. இறப்பும் 29 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாயிற்று.

வீடு திரும்பிய பின்னும் கரியமில வாயு மிகுந்தே இருப்போருக்கு இரவு நேரத்தில் பைபாப் பயன்படும். பிரித்தானியாவில் 116 பேரிடம் நடந்த ஆய்வில், வீட்டில் ஆக்சிஜன் மட்டும் பெற்றோர் மீண்டும் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ நேர்ந்த இடைக்காலம் 1.4 மாதம், பைபாப்பும் சேர்த்துப் பெற்றோருக்கு அது 4.3 மாதமாக நீண்டது.

இதனை வாங்கும்போதும் சந்தையைக் கவனிக்க வேண்டும். விலை குறைவு என்று சிபாப் கருவியை வாங்கி வருவோர் உளர். சிபாப் ஒரே அழுத்தத்தைத் தருவது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளோருக்கு உரியது. கரியமில வாயு தேங்கியவருக்குப் பெரும்பாலும் அது போதாது. முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள். முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அழுத்த அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். விற்பவர் முடிவு செய்யலாகாது. பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார், மின்தடையின்போது என்ன செய்வது என்பவற்றையும் கேட்டறியுங்கள். ஆக்சிஜன் உள்ள அறையில் பீடியோ அடுப்போ விளக்கோ கூடாது. வீட்டில் தீப்பெட்டி வேலை நடக்குமாயின், அப்பொருட்களை முற்றிலும் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, நோயைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துவது. புகைப்பழக்கத்தை விடுதல், விறகுக்கு மாற்றாக எரிவாயு, மருத்துவர் சொன்ன இன்ஹேலரை முறையாக இழுத்தல், ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, நாள்தோறும் இயன்ற அளவு நடை. "இன்ஹேலர் பழகிரும்" என்று அஞ்சி நிறுத்தியவர்களே மூச்சுத்திணறலோடு திரும்பி வருவதை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம்.

அக்கருவிக்கு இடமே இல்லையா?

உண்டு, மிகச் சிலருக்கு. வென்டிலேட்டருக்கும் கட்டுப்படாத கடும் ஆஸ்துமாத் தாக்குதலிலும், மாற்று நுரையீரலுக்குப் பதிவு செய்து காத்திருப்போருக்கும், அனுபவம் மிக்க மையங்களில் மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து பயன்படுத்துகின்றனர். அந்நிலையில் கருவி ஒரு பாலமாகிறது. பாலத்துக்கு அக்கரை ஒன்று இருத்தல் வேண்டும். ஆகவே இத்தகைய சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்:

1. பைபாப், வென்டிலேட்டர் ஆகியவற்றை முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தாயிற்றா?
2. இக்கருவி எதுவரையிலான பாலம்? நுரையீரல் தேறும் என்று எதிர்பார்க்கிறீர்களா, மாற்று நுரையீரலுக்கு வாய்ப்பு உண்டா?
3. இந்த மையத்தில் இதுவரை எத்தனை பேருக்குப் பொருத்தினீர்கள்? எத்தனை பேர் வீடு திரும்பினர்?
4. இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு எங்கள் நோயாளிக்கு எவ்வளவு?
5. ஒரு நாள் செலவு எவ்வளவு? குடுவை மாற்ற நேர்ந்தால் கூடுதலாக எவ்வளவு?
6. பயனில்லை என்று எந்த நாளில், எந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்வீர்கள்?

இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் இவற்றுக்கு விடை சொல்லவே விரும்புவார். ஆறாவது கேள்வியை முதல் நாளிலேயே கேளுங்கள். பின்னர் அதனைக் கேட்க எவருக்கும் மனம் வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே அது பொருந்தும். எந்தச் சிகிச்சை அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட மேசையில் முன்னதாகவே கேட்டறியுங்கள்.

கயத்தாறு, கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே நான்கு வழிச்சாலையில் அமைந்த ஊர். நெருக்கடியில் 108ஐ அழைத்தால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையலாம். ஆம்புலன்சில் ஏறியதும் "இவருக்கு நாட்பட்ட இளைப்பு நோய், ஆக்சிஜன் 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால், இதனை ஒரு சிறு அட்டையில் எழுதித் தருகிறோம். அதனை மருந்துச் சீட்டோடும் காப்பீட்டு அட்டையோடும் ஒரே பையில் வைத்திருங்கள். அந்தப் பை வீட்டில் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.